பேரிங் உட்காரும் இடம்

"போன மாசந்தாண்ணே புது பேரிங் போட்டோம். அதுக்குள்ள ஊளையிடுது."

டிரைவர் தம்பி இதைச் சொன்னது ஓர் ஐப்பசி இரவு. போடிநாயக்கனூரில் மழை விட்டு ஓட்டுக்கூரை சொட்டிக்கொண்டிருந்தது. ஜீப்பின் டயர்களில் மலைச் சேறு இன்னும் காயவில்லை. வலப்பக்கம் வளைந்தால் சத்தம் கூடுகிறது, இடப்பக்கம் வளைந்தால் அடங்கிவிடுகிறது என்றான். வலப்பக்கம் திரும்பும் வண்டியின் பாரம் இடது சக்கரத்தில்தான் சாயும். அப்படியானால் இடது முன்சக்கரம். இதைச் சொல்ல ஜாக்கிகூட வேண்டாம். என்னை நிமிர வைத்தது அவன் முதலில் சொன்ன வார்த்தை. புது பேரிங் ஒரு மாதத்தில் ஊளையிட்டால் நான் பேரிங்கைச் சந்தேகப்பட மாட்டேன். அது உட்கார்ந்திருக்கும் இடத்தைத்தான் சந்தேகப்படுவேன். அந்தப் புத்தி எனக்குச் சும்மா வந்துவிடவில்லை. பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஜீப்புகளைத் தெரிந்துகொண்டால்தான் இந்த வேலையின் கனம் புரியும். காய் எடுப்புக் காலத்தில், ஆடி தொடங்கித் தை வரை, விடியுமுன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியும் பிளாஸ்டிக் கொங்காணியுமாக ஏறி உட்காருவார்கள். போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். தோட்டத்துக்குள் போகும் பாதை பாதையாகவே இருக்காது, பாறையும் ஓடையுந்தான். மாலையில் அதே வளைவுகளில் இறங்கி வருவார்கள். ஒரு ஜீப்பு ஒரு நாள் நின்றால் பதினைந்து வீட்டில் அன்றைக்குக் கூலி இல்லை.

இந்த வண்டிகளில் சில என்னைவிட மூத்தவை. 1949-ல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா, பிறகு சிஜே-3பி என்ற உயர்ந்த மூக்குள்ள மாடலை இங்கேயே செய்தது. அமெரிக்காவில் 1968-ல் அந்த மாடல் நின்றுவிட்டது. இங்கே அதற்குப் பிறகும் பல காலம் வந்துகொண்டிருந்தது. அன்று வாசலில் நின்ற ஜீப்பும் அந்த வம்சம். பெட்ரோல் எஞ்சினை எப்போதோ இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றியிருந்தார்கள். பின்பக்கத்தை நீட்டிப் பாடி கட்டியிருந்தார்கள். வண்டியில் எது எதுவோ மாறி, பாரமும் கூடிவிட்டது. முன் ஹப் மட்டும் பிறந்த நாளில் பூட்டிய அதே ஹப்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினேன். நல்ல ஆட்டம் இருந்தது. ஆனால் ஜீப்பில் ஆட்டம் கண்டவுடன் பேரிங் என்று முடிவுகட்டக் கூடாது. கிங்பின் தேய்ந்திருந்தாலும் சக்கரம் இப்படித்தான் ஆடும். தம்பியை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினேன். ஆட்டம் நின்றுவிட்டது. பிரேக் மிதிக்கும்போது டிரம் பின்தட்டோடு பூட்டிக்கொள்கிறது. அப்போதும் ஆடினால் கிங்பின், நின்றுபோனால் ஹப்புக்குள்தான் கோளாறு. எங்கள் மேஸ்திரி எனக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

பழைய ஜீப்பில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடமரை. தெரியாதவர்கள் ஸ்பேனரில் ஏறி நின்று மிதித்து ஸ்டட்டை முறித்துவிடுவார்கள். சக்கரத்தைக் கழற்றி, டிரைவ் ஃபிளாஞ்சின் ஆறு போல்ட்டையும் எடுத்து, உள்ளே மடக்கியிருந்த லாக் வாஷரை நிமிர்த்தினேன். நட்டு விரலாலேயே சுற்ற வந்தது. ஹப்பை வெளியே இழுத்ததும் கிரீஸைத்தான் முதலில் பார்த்தேன். கிரீஸ் பழுப்பாகக் கறுத்திருக்கலாம், கெட்டுப்போயிருக்கலாம். ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் மினுங்கக் கூடாது. அது மினுங்கியது, வெள்ளி கரைத்த மாதிரி. ஹப்பைக் கவிழ்த்துத் தட்டினேன். உள்பக்கத்துக் கப்பு சம்மட்டி, உளி எதுவும் இல்லாமல் தானாகவே என் உள்ளங்கையில் விழுந்தது.

இந்த வேலையில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜீப்பின் முன் ஹப்பில் சாய்வு உருளை பேரிங் இரண்டு இருக்கும். குதிரை வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன் 1898-ல் காப்புரிமை வாங்கிய வகை அது. உள்ளே உருளைகளைக் கோத்த கோன், வெளியே அது ஓடும் கப்பு. கோன் நிற்கும், கப்பு ஹப்போடு சேர்ந்து சுற்றும். ஜீப்பில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே நம்பர்: கோன் 18590, கப்பு 18520. கப்பின் வெளிவிட்டம் 73.025 மில்லிமீட்டர். அது உட்காரும் குழியை நாங்கள் வீடு என்போம். வீட்டின் விட்டம் கப்பைவிட 0.04, 0.05 மில்லி குறைவாக இருக்க வேண்டும். கப்பை அடித்துத்தான் இறக்க வேண்டும், அடித்துத்தான் எடுக்க வேண்டும். கையில் விழுந்தால் அந்தப் பிடி போய்விட்டது என்று அர்த்தம். கப்பின் முதுகு கண்ணாடி மாதிரி பளபளத்தது. வீட்டுக்குள் சிவந்த பழுப்பில் ஒரு பொடி ஒட்டியிருந்தது. இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டே இருந்தால் வரும் பொடி அது. மழைத் தண்ணீர் இறங்கிப் பிடிக்கும் துருவைவிட மாவாக இருக்கும்.

பிடி போனால் என்ன ஆகும்? கப்பு ஹப்புக்குள் ஊரத் தொடங்கும். குண்டானுக்குள் அதன் வாயைவிடக் கொஞ்சம் சிறிய வளையத்தைப் போட்டு உருட்டினால், வளையம் ஒவ்வொரு சுற்றிலும் குண்டானோடு சேராமல் சற்று விலகி நிற்கும். அதே கதைதான். நான் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்து மலைத்துப்போனேன். 0.1 மில்லி இடைவெளி இருந்தால் ஹப்பின் ஒரு சுற்றுக்குக் கப்பு சுமார் 0.3 மில்லி முந்தும். 6.00-16 டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 450 சுற்று சுற்றும். ஆக, கிலோமீட்டருக்கு 140 மில்லி. கப்பின் சுற்றளவே 229 மில்லிதான். ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடப் போனால் கப்பு தன் வீட்டுக்குள் முழுதாக ஒரு சுற்று சுற்றிவிடும். மெட்டு ஏறி முடிப்பதற்குள் பதினைந்து சுற்று. அத்தனை சுற்றும் வீட்டை அரைத்துக்கொண்டேதான். புதுப் பேரிங் எத்தனை போட்டாலும் அரைவை நிற்காது. ஒவ்வொரு தடவையும் வீடு கொஞ்சம் கொஞ்சமாக அகலும்.

இனி, என் கதை.

1993-ல் எனக்குப் பத்தொன்பது வயது. மேஸ்திரி சாமான் வாங்க மதுரை போயிருந்தார். பட்டறையில் நானும் இன்னொரு பையனும். இதே மாதிரி ஒரு ஜீப்பு, இதே மாதிரி கையில் விழுந்த கப்பு. மறுநாள் காலை வண்டி போயாக வேண்டும் என்று ஓனர் நின்றார். எல்லாப் பட்டறையிலும் செய்வதை நானும் செய்தேன். சென்டர் பஞ்சை எடுத்து வீட்டுச் சுவர் முழுக்கப் புள்ளி குத்தினேன். குத்திய இடத்தைச் சுற்றி இரும்பு மேடு தட்டும், வீடு சிறுத்த மாதிரி இருக்கும். கப்பை வைத்து அடித்தேன். இறுக்கமாகப் போனது. ‘கிண்’ என்று உட்கார்ந்ததாக நானே நினைத்துக்கொண்டேன். ஓனர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த இறுக்கம் பொய். கப்பின் முதுகு வீட்டில் முழுதாகப் படிய வேண்டும். புள்ளி குத்தினால் சில நூறு முனைகளின் மேல்தான் நிற்கும். மேலே மனிதர்களின் பாரம், கீழே பாறை. சில நாளில் முனைகள் நசுங்கிவிடும். அதுவரை கப்பும் வட்டமாக இருக்காது. முனைகள் தள்ளும் பக்கமெல்லாம் கோணும். உருளைகள் கோணலில் ஓடும்.

பதினோராவது நாள் மாலை அந்த ஜீப்பு இறங்கி வந்தது. கப்பு மறுபடி சுற்றி, ஹப் சாய்ந்து, ஆயில் சீல் கிழிந்து, உருகிய கிரீஸ் பிரேக் லைனிங்கில் வழிந்திருந்தது. ஒரு வளைவில் டிரைவர் பிரேக் மிதித்தார். ஒரு பக்கம் பிடித்தது, மறுபக்கம் வழுக்கியது. வண்டி இழுத்துக்கொண்டு போய் மலைச் சுவரில் மோதி நின்றது. பள்ளத்துப் பக்கம் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை. ஒரு அக்காவுக்கு நெற்றியில் நான்கு தையல். மற்றவர்கள் மழையில் நனைந்துகொண்டே நடந்து இறங்கினார்கள்.

மேஸ்திரி என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஹப்பைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, என் கையில் கொடுத்தார். "விரலை விட்டுப் பாரு." விட்டேன். நான் குத்திய புள்ளிகள் தேய்ந்து மழமழவென்று இருந்தன. பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனார். வைத்தியச் செலவைக் கொடுத்தார். "தப்பு எங்க பட்டறைல நடந்தது தாயி" என்றார். என் பெயரை அவர் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். அந்த அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியாப்பா" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து ஹப் வீட்டுக்குள் என் பஞ்சு போனதில்லை.

டின் தகடு வெட்டிச் சுற்றி வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தகட்டின் இரண்டு முனையும் சேரும் இடத்தில் கப்பு எழும்பி நிற்கும். பிறகு தகடு துண்டு துண்டாகக் கிழிந்து பேரிங்குக்குள்ளேயே போகும். வெல்டிங் வைத்துக் கடைவதும் எனக்குப் பிடிக்காது. இந்த ஹப் வார்ப்பு. சூடு ஒரே இடத்தில் ஏறி இறங்கினால் வெல்டுக்குப் பக்கத்தில் முடியளவு வெடிப்பு விடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைச் சக்கரத்தில் பூட்டி அனுப்ப எனக்கு மனசு வராது. காற்றுப் படாத இடுக்கில் இறுகிக்கொள்ளும் பசை இப்போது கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். வீடு வட்டமாகவே இருந்து, இடைவெளி மிக மெல்லியதாக இருந்து, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்துப் போட்டால் நன்றாகவே பிடிக்கும். ஆனால் மெட்டு இறங்கும்போது டிரம் கொதிக்கிற கொதிப்பு இருக்கிறதே, தேய்ந்து கோணிய வீட்டில் அந்தச் சூட்டைப் பசையை நம்பி விட நான் தயாராக இல்லை.

மிச்சம் இருப்பவை இரண்டு. ஹப்பையே மாற்றுவது, அல்லது வீட்டை அகலக் கடைந்து ஸ்லீவ் இறக்கி, அதற்குள் புது வீடு கடைவது.

மாற்ற வேண்டிய ஹப்பை மாற்றித்தான் ஆக வேண்டும். ஸ்டட் ஓட்டைகள் நீள்வட்டமாகிப்போனது, கப்பு முட்டி நிற்கும் தோள் உளி பட்டுச் சிதைந்தது, எங்கேயாவது வெடிப்பு கண்டது என்றால் ஸ்லீவ் போட்டு ஏமாற்றக் கூடாது. ஹப்பைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டினால் நல்லது மணி மாதிரி இழுத்துப் பாடும். வெடித்தது மொட்டையாக நின்றுபோகும். ஒரு தடவை அப்படி ஒரு மொட்டைச் சத்தத்துக்காகச் சென்னை புதுப்பேட்டை வரை போய், குவியலில் ஹப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கி வந்தேன். பழையதைப் புதுப்பேட்டையில் வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் கையில் ஒரு புதுக் கப்பு கொண்டுபோக வேண்டும். கப்பு வீட்டுக்குள் கையழுத்தத்தில் இறங்கினால் அந்த ஹப்பைக் குவியலிலேயே போட்டுவிட வேண்டும்.

இந்த ஜீப்பின் ஹப் தட்டியதும் பாடியது. தோளும் ஸ்டட் ஓட்டைகளும் நன்றாக இருந்தன. வெளிப்பக்கத்து வீட்டில் கப்பு இறுக்கமாகவே நின்றது. உள்பக்க வீடு மட்டும் போயிருந்தது. ஸ்லீவ் என்று முடிவு செய்தேன்.

ஓனருக்குப் போன் போட்டேன். "ரெண்டு நாளா? சீசன்ல ரெண்டு நாள் வண்டி நிக்கிறதா? புள்ளி குத்தி விடு தம்பி, சீசன் முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்றார். கோபப்பட எனக்கு ஒன்றும் இல்லை. அவருக்கும் தவணை இருக்கிறது. நெற்றித் தையல் கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சரி, செய்யி. பொம்பளைங்களுக்கு வேற வண்டி சொல்லிர்றேன்" என்றார்.

லேத்துப் பட்டறை தேனியில். அந்த லேத்துக்காரரை நான் தேடிப் போவதற்கு ஒரே காரணம், கடைவதைவிட மையம் பிடிப்பதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வார். ஹப்பின் இரண்டு வீடும் ஒரே மையக் கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று விலகினால் இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று முறுக்கும். ஹப்பை முகத்தட்டில் பூட்டி, கெடாத வெளிப்பக்க வீட்டில் டயல் முள்ளை வைத்து, லேத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் அலைந்தது. போல்ட்டைத் தளர்த்தி, மரச்சுத்தியால் ஒரு தட்டு, மறுபடி சுற்று. முக்கால் மணி நேரம் இதுவே. கடைசியில் முள் நின்ற இடத்திலேயே லேசாக மூச்சுவிடுகிற மாதிரி அசைந்தது. "இப்ப டீ சொல்லுங்க" என்றார்.

முதலில் அளந்தார். வாய்ப்பக்கம் 73.14, தோளுக்குப் பக்கத்தில் 73.08. கூம்பாகவும் தேய்ந்திருக்கிறது. சக்கரம் சாய்ந்து சாய்ந்து ஓடியதன் தடம் அது. 79 மில்லிக்கு அகலக் கடைந்தார், தோளைத் தொடாமல். மூன்று மில்லி சுவர் எடுத்தும் ஹப்பில் போதிய சதை இருந்தது. ஸ்லீவை 79.06-க்குச் செய்தார். ஒரு மில்லியில் நூறில் ஆறு பங்கு பெரிசு. இதை அடித்து இறக்க முடியாது, இறக்கவும் கூடாது. ஹப்பை முகத்தட்டோடு சேர்த்துக் கழற்றி, அப்படியே ஹாட் பிளேட்டில் வைத்தோம். வார்ப்பு இரும்பு 79 மில்லி விட்டத்தில் 120 டிகிரி கூடினால் 0.1 மில்லி விரியும். ஸ்லீவை ஐஸ்கட்டிக்குள் புதைத்திருந்தோம். ஹப்பின் மேல் விட்ட தண்ணீர்ச் சொட்டு துள்ளி ஓடத் தொடங்கியதும் ஸ்லீவை எடுத்துத் துடைத்து வீட்டின் வாயில் வைத்தார். ‘டொக்’. அவ்வளவுதான். மூச்சு விடுவதற்குள் தோளில் போய் உட்கார்ந்து, குளிர்ந்து, ஹப்போடு ஹப்பாகிவிட்டது. நகத்தால் தடவினால் மட்டும் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. இன்னமும் அந்த ‘டொக்’குக்கு எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆற விட்டு, முகத்தட்டைத் திரும்ப லேத்தில் ஏற்றி, டயலை மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்லீவின் உள்ளே 72.98-க்குக் கடைந்தார். கடைசி இழுப்பில் சுருள்கூட வரவில்லை, தூள்தான் வந்தது. அவர் கேட்ட கூலிக்கு மேல் நான் கொடுத்ததை வாங்கிக்கொள்ளவில்லை.

ராத்திரி முழுக்கப் புதுக் கப்பு இரண்டும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் இருந்தன. காலையில் ஹப்பை லேசாகச் சுடவைத்து, பழைய கப்பையே தாங்கு வளையமாக வைத்து அடித்தேன். கப்பு இறங்கும் வரை சுத்தியின் சத்தம் மந்தமாக இருக்கும். தோளில் முட்டிய அந்த அடியில் சத்தம் மாறும், கெட்டியாக. அந்தச் சத்தம் வருகிறவரை நிறுத்தக் கூடாது. வந்த பிறகு ஒரு அடிகூட அதிகம் அடிக்கக் கூடாது. 1993-ல் நான் கேட்டதாக நினைத்தது இந்தச் சத்தம் இல்லை.

உள்ளங்கையில் கிரீஸை வைத்து, கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் பிதுங்குகிற வரை ஏற்றினேன். இந்த வேலையைப் பையன்களிடம் விட்டாலும் பக்கத்தில் நின்று பார்ப்பேன். மேலே பூசிவிட்டு வைத்தால் பேரிங் பட்டினியில் ஓடும். புது சீல், பிறகு ஸ்பிண்டிலில் ஹப். உள் நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, பிடித்து நிற்கிற வரை இறுக்கினேன். பிறகு ஆறில் ஒரு சுற்று தளர்த்தினேன். லாக் வாஷர், வெளி நட்டு. வெளி நட்டை இறுக்கும்போது உள் நட்டும் கொஞ்சம் சேர்ந்து நகரும். அதனால் மறுபடியும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாஷரை மடக்கினேன். சக்கரம் ஒரு தள்ளுக்குச் சத்தமில்லாமல் சுற்றிச் சுற்றி, மெல்ல நின்றது.

வண்டியை எடுக்க வந்த தம்பியிடம், "மெட்டுல போய் நிறுத்துனதும் ஹப்புல கை வச்சுப் பாரு. இடது மட்டுமில்ல, வலதும். பாத்துட்டு எனக்குப் போன் போடு. 500 கிலோமீட்டர் ஓடுனதும் வண்டியைக் கொண்டுவா, நட்டு பாக்கணும்" என்றேன்.

மறுநாள் காலை ஆறேகாலுக்குப் போன் வந்தது. பின்னால் காற்றுச் சத்தம், பெண்களின் பேச்சு.

"அண்ணே, மெட்டுக்கு வந்துட்டோம். கை வச்சுப் பாத்தேன்."

"வலது?"

"ரெண்டும் ஒரே வெதுவெதுப்புதாண்ணே. கையை எடுக்கத் தோணல, இங்க அவ்வளவு குளிரு."

"சீல் பக்கம் கிரீஸ் கசிவு?"

குனிந்து பார்க்கிறான் போல. யாரோ ஒரு அக்கா, நேரமாகிறது, ஏறு என்று சத்தம் போட்டார்.

"சுத்தமா இருக்குண்ணே."

"சரி, கிளம்பு" என்றேன்.